இலியா மெச்னிக்கோவ்: இறாலின் காவற்படையைக் கண்டவர்

பிள்ளைக்குத் தடுப்பூசி போடலாம். மாட்டுக்கும் கோழிக்கும் போடலாம். நோர்வேயின் பண்ணைகளில் வளரும் சால்மன் மீன்களுக்கும் ஊசி போடுகிறார்கள். இறாலுக்கு அந்த வழி இல்லை. ஊசி மருந்து வந்த நோயை நினைவில் வைத்திருக்கும்படி உடம்பைப் பழக்குகிறது. அப்படிப் பழகுவதற்கு உடம்பில் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும். முள்ளந்தண்டுள்ள விலங்குகளுக்குத்தான் அது உண்டு. இறால், நண்டு, சிப்பி, மட்டி ஆகிய ஒன்றுக்கும் அது கிடையாது.

1990களில் வெண்புள்ளி நோய் என்ற வைரசு நோய் ஆசியாவின் இறால் பண்ணைகளைப் பிடித்தபோது இதன் கனம் எல்லோருக்கும் விளங்கியது. 1996இல் இலங்கையின் சிலாபம், புத்தளம் பகுதிப் பண்ணைகளுக்கும் அது வந்தது. நோயின் அறிகுறி தெரிந்து மூன்று முதல் பத்து நாட்களுக்குள் ஒரு குளத்து இறால் முழுவதும் செத்து மிதக்கலாம். பக்டீரியா நோய்களுக்கென்று பல நாடுகளின் பண்ணைகளில் அன்ரிபயோட்டிக் மருந்துகளைத் தாராளமாகக் கொட்டினார்கள். 2001, 2002ஆம் ஆண்டுகளில் ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன இறாலில் குளோரம்பெனிக்கோல் என்ற மருந்தின் எச்சம் பிடிபட்டு, சரக்குகள் மறிக்கப்பட்டன.

தடுப்பூசியும் இல்லை, மருந்தும் கூடாது என்றால் மிஞ்சுவது ஒன்றுதான். இறாலுக்கு இயற்கை கொடுத்த சொந்தப் பலத்தைத் தட்டி எழுப்பவேண்டும். யப்பான், தாய்வான், தாய்லாந்து ஆய்வாளர்கள் அதற்குக் கடற்பாசியை நாடினார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சில பொருட்களைத் தீனியில் கலந்து கொடுத்தால் இறாலின் குருதியில் உள்ள காவற் கலங்கள் விழித்துக்கொள்கின்றன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அந்தக் காவற் கலங்கள் என்ன செய்கின்றன என்பதை முதலில் கண்டுகொண்டவர் இறால் வளர்த்தவர் அல்லர், வைத்தியரும் அல்லர். சொந்த நாட்டில் வேலையை விட்டு, இத்தாலியக் கடற்கரையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த ஒரு விலங்கியல்காரர். அவர் பெயர் இலியா மெச்னிக்கோவ்.

1845ஆம் ஆண்டு மே மாதம், அன்றைய ரஷ்யப் பேரரசில், இன்று உக்ரெயினில் உள்ள கார்கிவ் நகரத்துக்கு அண்மையில் ஒரு கிராமத்தில் அவர் பிறந்தார். தகப்பன் ஜார் மன்னரின் காவற்படையில் அதிகாரியாக இருந்தவர். தாய் யூத வழிவந்த ஓர் எழுத்தாளரின் மகள். ஐந்து பிள்ளைகளில் இலியா கடைசி. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் முடித்தார். அதன்பின் ஜேர்மனிக்கும் இத்தாலிக்கும் போய்க் கடல்வாழ் சிற்றுயிர்களை ஆராய்ந்தார். 22 வயதில் ஒடெசாப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார்.

படிப்பில் இருந்த அதிர்ஷ்டம் வாழ்க்கையில் இருக்கவில்லை. 1869இல் லுட்மில்லா என்ற பெண்ணை மணந்தார். அவருக்குக் காசநோய். திருமணத்தன்று நடக்கப் பலமில்லாமல், கதிரையில் வைத்துத்தான் அவரைத் தேவாலயத்துக்குத் தூக்கிப் போனார்கள். வெயில் உள்ள நாடுகளுக்கு மனைவியைக் கூட்டிக்கொண்டு அலைந்தார் மெச்னிக்கோவ். மொழிபெயர்ப்பு வேலை செய்து செலவைச் சமாளித்தார். அவருடைய கண்பார்வையும் அந்தக் காலத்தில் மோசமாக இருந்தது. 1873இல் மதீராத் தீவில் லுட்மில்லா இறந்தார். துயரம் தாங்காமல் மெச்னிக்கோவ் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். உயிர் தப்பியது. இரவில் ஒரு விளக்கைச் சுற்றிப் பறந்த பூச்சிகளைப் பார்த்தபோது, ஒரு நாள்கூட முழுதாக வாழாத இவற்றில் இயற்கைத் தேர்வு எப்படி வேலை செய்யும் என்ற கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. அந்தக் கேள்வி அவரைத் திரும்ப வேலைக்கு இழுத்து வந்தது.

1875இல் ஓல்கா என்ற இளம் பெண்ணை மணந்தார். 1880இல் ஓல்காவுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து சாவின் விளிம்புவரை போய் மீண்டார். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டார். அதன்பின் அரசு பல்கலைக்கழகங்களை இறுக்கிப் பிடித்தது. மாணவர்கள் கிளர்ந்தார்கள். அரசியல் நியமனங்களும் பழிவாங்கல்களும் நடந்தன. மெச்னிக்கோவ் புரட்சிக்காரர் அல்லர், ஆனால் அந்தச் சூழலில் படிப்பிக்க முடியாது என்று 1882இல் பதவியைத் துறந்தார். ஓல்காவின் பெற்றோர் காலமாகிவிட்டபடியால் அவருடைய இளைய சகோதரங்களையும் பொறுப்பேற்று, குடும்பமாகச் சிசிலித் தீவின் மெசினா நகருக்குப் போனார்கள்.

மெசினாவில் கடலைப் பார்த்த அறைதான் அவருடைய ஆய்வுகூடம். ஒருநாள் குடும்பத்தவர்கள் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் மட்டும் நுணுக்குக்காட்டியின் முன் இருந்தார். பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் குடம்பியை. அது கண்ணாடிபோலத் தெளிவான உடம்புள்ளது. உள்ளே சில கலங்கள் ஓரிடத்தில் நில்லாமல் ஊர்ந்து திரிவது தெரிந்தது. அவை உணவுத் துணுக்குகளை விழுங்கும் என்பது அவருக்கு ஏற்கனவே தெரியும். தட்டைப் புழுக்களிலும் பஞ்சுயிரிகளிலும் கலங்கள் அப்படி விழுங்குவதை அவர் பல வருடம் ஆராய்ந்திருந்தார். அந்த வேளையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. உணவை விழுங்கத் தெரிந்த இந்தக் கலங்கள், உடம்புக்குள் நுழையும் எதிரியையும் விழுங்குமானால்? சாப்பிடும் வேலையே பிறகு காவல் வேலையாக மாறியிருக்கலாம் அல்லவா?

யோசனையோடு அவர் நிற்கவில்லை. உடம்பில் முள் ஏறினால் அந்த இடத்தில் சீழ் கட்டுகிறது. சீழ் என்பது பெரும்பாலும் வெண்குருதிக் கலங்கள். குருதிக் குழாய்கள் இல்லாத இந்தக் குடம்பியில் முள் ஏற்றினால் என்ன நடக்கும்? பிள்ளைகளுக்காக நத்தார் மரம் அலங்கரித்திருந்த அதே தோட்டத்தில் றோசா முட்களை முறித்து வந்தார். குடம்பிகளின் தோலுக்கடியில் அவற்றைச் செருகினார். இரவு முழுவதும் நித்திரை இல்லை. விடியப் பார்த்தால், அலைந்து திரிந்த கலங்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன.

சில மாதங்கள் கழித்து வியன்னா நகரில் பேராசிரியர் கார்ல் கிளவுசிடம் இதைச் சொன்னார். கிரேக்கச் சொல் ஒன்றைக் கொண்டு அந்தக் கலங்களுக்குப் பெயர் கிடைத்தது. இலங்கையில் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அவற்றைத் தின்குழியங்கள் என்று தெரிந்திருக்கும்.

எங்கள் இறாலுக்கு நெருங்கிய சாட்சி அடுத்த ஆய்வில்தான் வந்தது. 1884இல் அவர் டப்னியா என்ற தெள்ளுப்போன்ற நன்னீர் உயிரை ஆராய்ந்து எழுதினார். டப்னியா இறாலும் நண்டும் சேர்ந்த கிறஸ்டேசியா இனத்தது. அதுவும் ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டது. அதற்கு மதுவம் ஒன்றினால் நோய் வருவதுண்டு. அந்த மதுவத்தின் வித்திகள் ஊசி வடிவானவை. தீனியோடு உள்ளே போய், குடற்சுவரைத் துளைத்துக்கொண்டு உடற்குழிக்குள் வந்துவிடும். உடனே குருதிக் கலங்கள் வந்து அவற்றைச் சூழ்ந்து விழுங்கிக் கரைக்கத் தொடங்கும். கலங்கள் முந்தினால் டப்னியா பிழைக்கும். வித்திகள் முந்தி முளைத்துப் பெருகினால் கலங்கள் அழிந்து, டப்னியாவும் சாகும்.

உயிரோடு இருக்கும் ஒரு விலங்கின் உள்ளே நோயும் எதிர்ப்பும் மோதுவதை ஒருவர் ஆரம்பத்திலிருந்து முடிவுவரை கண்ணால் பார்த்தார். முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதல்ல என்பதையும் பார்த்தார். உள்ளே வந்த வித்திகளின் தொகையும், கலங்கள் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்ந்தன என்பதும் சேர்ந்துதான் பிழைப்பைத் தீர்மானித்தன. இன்றைய இறால் பண்ணைக்காரர் கடற்பாசி கலந்த தீனியைக் கையில் எடுக்கும்போது, இந்தச் சண்டையில் கலங்களின் பக்கம் கொஞ்சம் பலம் கூட்டத்தான் பார்க்கிறார்.

1886இல் ஒடெசாவில் பக்டீரியா ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டு, மெச்னிக்கோவ் அதன் தலைவராக்கப்பட்டார். பாஸ்டரின் முறைப்படி விசர்நாய்க்கடிக்கு ஊசி போடுவது அதன் முக்கிய வேலை. வைத்தியர் அல்லாத ஒருவர் இதற்குத் தலைவரா என்று உள்ளூர் வைத்தியர்கள் எதிர்த்தார்கள். நிலையம் தயாரித்த அந்திராக்ஸ் தடுப்பூசி போட்டதில் ஆயிரக்கணக்கான செம்மறி ஆடுகள் இறந்தன. 1888இல் அவர் ஒடெசாவை விட்டு வெளியேறினார். பரிசில் லூயி பாஸ்டர் தன் புதிய நிறுவனத்தில் அவருக்கு ஓர் ஆய்வுகூடம் கொடுத்தார். அடுத்த 28 வருடம், சாகும்வரை, அதுவே அவர் இடம்.

எங்களைப்போலத் துப்பாக்கிக்குப் பயந்து எல்லை கடந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. விரும்பினால் ஊர் போய்வர அவருக்கு வழி இருந்தது. பிறகு போயும் வந்தார். ஆனால் ஊரில் வேலை செய்ய முடியாமல் போனதையும், நாற்பது வயதுக்குமேல் வேறு நாட்டில் வேறு மொழியில் திரும்பத் தொடங்குவதையும் அவர் அறிந்திருந்தார். ரஷ்யாவிலிருந்து வந்த பல இளைஞர்களுக்குப் பரிசில் அவர் ஒரு வாசலாக இருந்தார். ஒடெசாவில் அவரிடம் படித்த யூத மாணவர் வால்டெமர் ஹாஃப்கின் அவர்களில் ஒருவர். அவர் பரிசில் கொலராவுக்குத் தடுப்பூசி கண்டு 1893இல் இந்தியா வந்தார். 1897இல் பம்பாயில் கொள்ளைநோய்க்கும் தடுப்பூசி கண்டார்.

பரிசில் வேலை அமைதியாக நடந்தது என்று சொல்ல முடியாது. 1887இல் பேர்லினில் றொபேர்ட் கோக்கிடம் தன் நுணுக்குக்காட்டித் தகடுகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அவர் மதிக்கவில்லை. 1890இல் பேரிங், கிட்டசாட்டோ இருவரும், நோய் எதிர்த்த விலங்கின் குருதித் திரவமே இன்னொரு விலங்கைக் காப்பாற்றும் என்று நிரூபித்தார்கள். தொண்டைக்கரப்பானுக்குச் சிகிச்சை அதிலிருந்து பிறந்தது. காவல் திரவத்தில் இருக்கும்போது கலங்கள் எதற்கு என்று ஜேர்மன் தரப்புக் கேட்டது. மெச்னிக்கோவ் இருபது வருடம் விடாமல் பதில் சொன்னார். ஒவ்வொரு எதிர்ப்புக்கும் ஒரு பரிசோதனை செய்தார். 1901இல் தன் ஆய்வுகளை ஒரு பெரிய நூலாக்கினார். 1908ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கும், திரவத்தின் பக்கம் நின்ற போல் ஏர்லிக்குக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. இரண்டு தரப்பும் தங்கள் பாதியில் சரி. மனிதனுக்கு இரண்டு ஏற்பாடும் உண்டு. அந்த டிசம்பர் 28ஆம் திகதி நிலநடுக்கம் மெசினா நகரைத் தரைமட்டமாக்கியது. அவர் முட்களை முறித்த ஊர் அப்படி அழிந்தது.

புகழ் வந்த பிறகு நடந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். முதுமைக்குக் காரணம் பெருங்குடலில் வாழும் கெட்ட பக்டீரியாக்கள் என்று மெச்னிக்கோவ் நம்பினார். பல்கேரியக் கிராமத்தவர்கள் புளித்த பால் குடித்து நெடுநாள் வாழ்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானும் நாளாந்தம் அதைக் குடித்தார், மற்றவர்களுக்கும் சொன்னார். குடலில் நல்ல பக்டீரியா என்ற எண்ணத்தில் உண்மை இருந்தது. ஆயுள் கூடும் என்பதற்கு அன்று ஆதாரம் போதாது. ஆனால் வியாபாரிகள் காத்திருக்கவில்லை. ஐரோப்பா முழுவதும் அவருடைய பெயரைச் சொல்லித் தயிரும் மாத்திரையும் விற்றார்கள். நட்சத்திர மீனின் முள்ளுக்காக இருபது வருடம் ஆதாரம் தேடிய மனிதரின் பெயர், ஆதாரம் வருமுன்னரே போத்தல்களில் ஒட்டப்பட்டது.

1914இல் போர் வந்தது. இளைய ஆய்வாளர்கள் போர்முனைக்குப் போக, ஆய்வுகூடங்கள் வெறிச்சோடின. அறிவியல் மனிதரைத் திருத்தும் என்று நம்பி வாழ்ந்தவருக்கு அது பெரிய அடி. 1916 ஜூலை 15ஆம் திகதி, 71 வயதில், இருதய நோயால் பரிசில் காலமானார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிறுவனத்தின் நூலகத்தில் வைக்கப்பட்டது. ஓல்கா அவருடைய வாழ்க்கையை எழுதினார். லுட்மில்லா பற்றியும் மெசினா பற்றியும் நாங்கள் அறிவதில் பெரும்பகுதி அந்த நூலால்தான்.

இனிக் கடற்பாசிக்கு வருவோம். பழுப்புப் பாசிகளில் ஃபியூக்கொய்டன், அல்ஜினேற், லமினாரின் என்ற மாச்சத்துப்போன்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. சிவப்புப் பாசிகளில் கராஜீனனும், எங்கள் குசினியில் கடற்பாசி என்று காய்ச்சும் அகர் அகரும் இருக்கின்றன. இறாலின் காவற் கலங்கள் எதிரியை முகம் பார்த்து அறிவதில்லை. பூஞ்சையின் அல்லது பக்டீரியாவின் மேற்சுவரில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளைத் தொட்டுத்தான் அறிகின்றன. பாசியின் லமினாரின் பூஞ்சைச் சுவரின் சங்கிலியை ஒத்தது. அது பட்டதும் எதிரி வந்துவிட்டான் என்று கலங்கள் உசாராகின்றன. குருதியில் அவற்றின் தொகை கூடலாம், விழுங்கும் வேகமும் கூடலாம். எதிரியைச் சூழ்ந்து கருநிறப் பொருளால் மூடிவிடும் நொதியமும் தயார்நிலைக்கு வரும். மெய்யான நோய் பின்னால் வரும்போது கலங்கள் முந்திக்கொள்ள இது உதவும்.

இதற்கு எல்லைகளும் உண்டு. இது நோய் வந்த பிறகு மாற்றும் மருந்து அல்ல. வெண்புள்ளி கண்ட குளத்தில் பாசித் தீனி போட்டு இறாலைக் காப்பாற்ற முடியாது. கொடுக்கும் அளவும் காலமும் முக்கியம். எந்நேரமும் உசாராக நிற்கும் படைக்குச் சாப்பாடு வேண்டும். இறால் வளர்வதற்குச் செலவழிக்கவேண்டிய சக்தியிலிருந்துதான் அது போகும். ஓயாமல் கொடுத்தால் பலன் மங்கவும் கூடும். திறந்த கடலில் வளரும் சிப்பிக்கும் மட்டிக்கும் தீனி போடுவதே இல்லை. அவை கடல்நீரை வடித்து உண்பவை. ஆகவே அவற்றுக்கு இந்த முறை பெரும்பாலும் குஞ்சு பொரிக்கும் நிலையத்துத் தொட்டிகளில்தான் சரிவரும். நல்ல குஞ்சும், சுத்தமான நீரும், அளவான நெருக்கமும் இல்லாத குளத்தில் எந்தப் பாசியும் அதிசயம் செய்யாது.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. கராஜீனன் தரும் சிவப்புப் பாசியை எங்கள் வடக்குக் கடலோரத்தில், கிளிநொச்சி மாவட்டத்து வலைப்பாடு போன்ற இடங்களில், மக்கள் வளர்க்கிறார்கள். இறால் பண்ணைக்கும் கடற்பாசிக்கும் முதலிடச் சொல்லிப் புலம்பெயர்ந்த குடும்பங்களிடம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இரவு வேலை செய்து சேர்த்த காசு அது. ஊருக்குப் பயன்பட வேண்டும் என்ற ஆசையில் கொடுக்கப்படும் காசு. பாசி இறாலின் நோயெதிர்ப்பைக் கூட்டும் என்று ஒருவர் சொன்னால் அது பொய் அல்ல. ஆனால் அது ஆய்வுகூடத் தொட்டியில் கிடைத்த முடிவா, பண்ணைக் குளத்தில் கிடைத்த முடிவா என்று கேளுங்கள். எந்தப் பாசி, தீனியில் எவ்வளவு, எத்தனை நாள் என்று கேளுங்கள். ஒரே குஞ்சு, ஒரே நீர் விட்ட இரண்டு குளங்களில் ஒன்றுக்குப் பாசி கொடுத்து, மற்றதற்குக் கொடுக்காமல், அறுவடையில் இரண்டிலும் எத்தனை உயிரோடு வந்தன என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள்.

நான் கணக்குப் படித்தவன், விஞ்ஞானம் அல்ல. எனக்கு இது காப்புறுதிக் கட்டணம் மாதிரித் தெரிகிறது. நோய் வராத வருடத்தில் அது வெறும் செலவாகத்தான் ஏட்டில் நிற்கும். நோய் வரும் வருடத்தில் எத்தனை வீதம் இறாலைக் காப்பாற்றியது என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் பெறுமதி தெரியும். அந்த எண்ணிக்கையைக் காட்ட முடியாதவரிடம் விஞ்ஞானியின் பெயரும் படமும் மட்டும் இருந்தால், பல்கேரியத் தயிருக்கு மெச்னிக்கோவின் பெயர் படிப்பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையோடு வருபவரை, அவர் ஊரில் ஒரு சிறிய குளத்துக்காரராக இருந்தாலும், இருத்திக் கதை கேட்கலாம்.